நியூயார்க்கில் ஒன்பதாம் வகுப்பு: தேர்வுப் பள்ளியா, பட்டியல் பள்ளியா?

நியூயார்க் நகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் செப்டம்பர் பிறந்துவிட்டால் வேறு பேச்சுக்கு இடமிருக்காது. ஏறத்தாழ 9 லட்சம் மாணவர்கள் படிக்கும் இந்நகரப் பொதுப் பள்ளி அமைப்பில் உயர்நிலைப் பள்ளி இடம் தானாக வந்து சேர்வதில்லை. 400-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் உள்ள 700-க்கும் மேற்பட்ட படிப்புப் பிரிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. நகரத்திலேயே வளர்ந்த பெற்றோர்களும் இதில் தடுமாறுகிறார்கள் என்றால், பிளஸ் டூ மதிப்பெண்ணும் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வும் மட்டுமே தெரிந்த நம்மைப் போன்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. குயின்ஸின் கிழக்கு ஓரத்தில், பெல்ரோஸில், எங்கள் மகளுக்காக ஓராண்டு இதே வேலையாக இருந்தபோது நான் செய்து பார்த்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன். எங்கள் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே நகரத்துக்கு வெளியிலுள்ள நாசாவ் கவுண்டி வந்துவிடும் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இவை யாவும் நகர எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. நியூ ஹைட் பார்க்கில் வீடு வாங்கிய நண்பர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை, இந்த வாய்ப்பும் இல்லை.

உள்ளே நுழைய முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று, எட்டுச் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்று சொல்வது அதைத்தான். மற்றொன்று, பிற பள்ளிகள் அனைத்துக்கும் பொதுவாக 12 பிரிவுகளை விருப்ப வரிசையில் எழுதித் தரும் பட்டியல். இரண்டும் மைஸ்கூல்ஸ் என்ற ஒரே இணையதளத்தின் வழியாகவே நடப்பதால் இரண்டும் ஒரே விண்ணப்பம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று, இடம் ஒதுக்கும் முறையே வேறு, கேட்கும் தகுதியும் வேறு. ஒன்பதாவது சிறப்புப் பள்ளியான லாகார்டியா இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகியவற்றுக்கானது; அங்கே தேர்வு கிடையாது, கலைத்திறனைக் காட்டும் ஆடிஷனும் முந்தைய பள்ளி மதிப்பெண்களும்தான் பார்க்கப்படுகின்றன. வீட்டில் பாட்டோ வயலினோ உண்மையிலேயே தீவிரமாக நடந்துகொண்டிருந்தால் ஒழிய அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

நுழைவுத் தேர்வைப் பற்றி முதலில் பார்ப்போம். 1971-இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய ஹெக்ட்–கலாண்ட்ரா சட்டம், ஸ்டைவெசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்று பள்ளிகளுக்கும் போட்டித் தேர்வு ஒன்றே சேர்க்கைக்கு அடிப்படை என்று வரையறுத்தது. 2002-க்குப் பிறகு மேலும் ஐந்து பள்ளிகளை நகர நிர்வாகம் அதே தேர்வின்கீழ்க் கொண்டுவந்தது. ஏழாம் வகுப்பு மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, கட்டுரை, நேர்காணல் என எதுவும் கணக்கில் வராது. மூன்று மணி நேரம், ஆங்கிலத்தில் 57, கணிதத்தில் 57 என 114 கேள்விகள், அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியிலும் 10 கேள்விகள் அடுத்த ஆண்டுகளுக்கான சோதனைக் கேள்விகளாகும். அவற்றுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் அவை எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. 2025 இலையுதிர் காலம் முதல் தேர்வு கணினியில் நடப்பதால், காகிதத்தில் மட்டும் பயிற்சி எடுத்த பிள்ளைக்குத் திரையில் நீண்ட பத்தியை வாசிப்பதே ஒரு தனிப் பழக்கமாகத் தேவைப்படும்.

சரியான விடைகளின் எண்ணிக்கை அப்படியே மதிப்பெண் ஆவதில்லை; அது ஓர் அளவுகோலுக்கு மாற்றப்படுகிறது. அந்த மாற்றம் நேர்கோட்டில் செல்வதில்லை, உச்சியில் ஒவ்வொரு கேள்விக்கும் எடை கூடுகிறது. ஆகவே இரண்டு பாடத்திலும் ஓரளவு நன்றாக எழுதியவரைவிட, ஒன்றில் ஏறக்குறைய முழுமையாகவும் மற்றொன்றில் சுமாராகவும் எழுதியவர் மேலே வந்துவிடுவதுண்டு. கணிதத்தில் வலுவான நம் பிள்ளைகளுக்கு இது சாதகம் என்று சொல்லி ஆங்கிலத்தைக் கைவிடும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன்; கணிதத்தில் முழு மதிப்பெண்ணை நெருங்குகிறவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தேர்வு எழுதுபவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 பேர்; இடம் பெறுபவர்கள் சுமார் 4,000 பேர். இடம் ஒதுக்கும் விதம் நமக்குப் புதிதன்று. அதிக மதிப்பெண் பெற்றவரின் விருப்ப வரிசை முதலில் பார்க்கப்படும், அவர் கேட்ட முதல் பள்ளியில் இடம் இருந்தால் அது அவருக்கு. இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது. அதன்பின் அடுத்த மதிப்பெண்காரர். பொறியியல் கலந்தாய்வில் ரேங்க் வரிசையில் நடப்பது போலவே. கட்-ஆஃப் என்று ஆண்டுதோறும் பேசப்படும் எண், இப்படி இடங்கள் நிரம்பி முடிந்தபின் கடைசியாக உள்ளே வந்தவரின் மதிப்பெண்ணே தவிர, முன்கூட்டியே யாரும் நிர்ணயித்த தகுதிக் கோடு அன்று. ஸ்டைவெசன்டுக்கு அது அண்மை ஆண்டுகளில் 550-க்கு மேல் இருந்து வருகிறது. மற்ற ஏழு பள்ளிகளுக்கும் பெரும்பாலும் 480-க்கும் 530-க்கும் இடையில் அமைகிறது.

இங்கேதான் நம்மவர்களின் பழக்கம் குறுக்கே வருகிறது. எந்தக் கல்லூரிக்குக் கட்-ஆஃப் அதிகமோ அதுவே நல்ல கல்லூரி என்று இருபது ஆண்டுகள் பழகிய கை, இந்த எட்டுப் பள்ளிகளையும் கட்-ஆஃப் வரிசையிலேயே எழுதிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. கட்-ஆஃப் என்பது எத்தனை பேர் ஒரு பள்ளியை மேலே எழுதினார்கள், அங்கே எத்தனை இடம் இருக்கிறது என்ற இரண்டின் விளைவு. அந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. புரூக்ளின் டெக்கின் கட்-ஆஃப் ஸ்டைவெசன்டைவிடக் குறைவாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், அங்கே ஏறத்தாழ 6,000 மாணவர்கள் படிக்கிறார்கள் என்பதுதான்.

அந்த எட்டையும் உண்மையில் பிரித்துக் காட்டுபவை மூன்று: அளவு, பாடத்தின் சாய்வு, வீட்டிலிருந்து தூரம். அளவில் ஒரு முனையில் புரூக்ளின் டெக் நிற்கிறது. சுமார் 3,000 பேர் படிக்கும் ஸ்டைவெசன்டும் பிராங்க்ஸ் சயன்ஸும் அதற்கு அடுத்து வருகின்றன. மறுமுனையில், கல்லூரி வளாகங்களுக்குள் இயங்கும் மூன்று சிறிய பள்ளிகள் இருக்கின்றன. சிட்டி காலேஜில் உள்ள கணிதம், அறிவியல், பொறியியல் பள்ளி, லேமன் காலேஜில் உள்ள அமெரிக்கவியல் பள்ளி, யார்க் காலேஜில் உள்ள குயின்ஸ் அறிவியல் பள்ளி ஆகியவற்றில் மொத்தமே ஏறத்தாழ 400 முதல் 500 பேர்தான். பெரிய பள்ளியில் மொழிகள், மேல்நிலைப் பாடங்கள், ரோபோட்டிக்ஸ் அணி, விவாதக் குழு என்று விரும்பியதெல்லாம் உண்டு. ஆனால் விரும்பியதைத் தானே தேடிப் போய்க் கேட்டு வாங்கும் பிள்ளைக்குத்தான் அது பயன்படும். கூச்ச சுபாவமுள்ள, ஒரு வகுப்பில் பின்தங்கினால் வாய் திறந்து சொல்லாத பிள்ளைக்கு, எல்லா ஆசிரியர்களுக்கும் பெயர் தெரிந்த 500 பேர் பள்ளியே பாதுகாப்பு.

பாடச் சாய்வைப் பார்த்தால், புரூக்ளின் டெக்கில் பதினொன்றாம் வகுப்பிலிருந்து மாணவர்கள் ஒரு மேஜரை எடுத்துப் படிக்கிறார்கள். விமானப் பொறியியல், கட்டடக் கலை, கணினி என்று பிரிவுகள் விரிகின்றன. இதைக் கேட்டதும் நம் வீடுகளில் ஏற்படும் மகிழ்ச்சியை நான் அறிவேன். பதினைந்து வயதில் துறையைத் தேர்வது நமக்குப் பழக்கமானது. ஸ்டைவெசன்டில் அப்படி மேஜர் கிடையாது, ஆனால் கணிதத்திலும் அறிவியலிலும் மேலே போக வேண்டியவர்களுக்குப் படிகள் அதிகம். பிராங்க்ஸ் சயன்ஸில் மாணவர் ஆய்வுப் பணிக்கு நீண்ட மரபு உண்டு. அங்கே படித்தவர்களில் ஒன்பது பேர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். அமெரிக்கவியல் பள்ளி வரலாற்றை மையமாகக் கொண்டது. புரூக்ளின் லத்தீனில் எல்லோரும் லத்தீன் கற்கிறார்கள், சீருடை அணிகிறார்கள், பன்னாட்டு பேக்கலரேட் எனப்படும் ஐ.பி. பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். வரலாறும் இலக்கியமும் பிடித்த பிள்ளையைக் கட்-ஆஃபை மட்டும் பார்த்து வேறிடத்துக்கு அனுப்பும் பெற்றோர்கள், இந்த இரண்டு பள்ளிகளின் திறந்த நாள் நிகழ்ச்சிக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றிக் காகிதத்தில் பேசிப் பயனில்லை. அக்டோபர் மாதத்தில் பள்ளி விடுமுறையாக இருந்து, அலுவலகங்கள் இயங்கிய ஒரு நாளில், நானும் மகளும் காலை 6:20-க்கு வீட்டை விட்டுக் கிளம்பி பிராங்க்ஸ் சயன்ஸுக்குப் போய்ப் பார்த்தோம். ஹில்சைட் அவென்யூவில் கியூ 43 பேருந்து, 179-ஆவது தெருவில் எஃப் ரயில், ராக்கஃபெல்லர் சென்டரில் இறங்கி மறுபடியும் வடக்கு நோக்கி டி ரயில், பெட்ஃபோர்டு பார்க் நிறுத்தத்திலிருந்து நடை. பள்ளி வாசலில் நின்றபோது மணி 8:10. மகள் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது டி ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மற்றொரு நாள் ஸ்டைவெசன்டுக்குப் போனோம். அதே பேருந்தில் ஜமைக்கா வரை சென்று இ ரயில் ஏறினால் அது உலக வர்த்தக மையம் வரை நேராகப் போகிறது, ரயில் புறப்படும் இடத்துக்கு அடுத்த நிறுத்தத்திலேயே ஏறுவதால் உட்கார இடமும் கிடைக்கிறது. நேரத்தில் வித்தியாசம் இருபது நிமிடம்தான். ஆனால் நடுவில் ரயில் மாறி நின்றுகொண்டு போகும் பயணமும், உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு போகும் பயணமும் ஒன்றல்ல என்பது போய்ப் பார்த்தபின்தான் தெரிந்தது. யார்க் காலேஜ் எங்களுக்கு முக்கால் மணி நேரம். மாணவர்களுக்கான ஓம்னி பயண அட்டையில் நாளொன்றுக்கு நான்கு பயணங்கள் இலவசம் என்பதால் செலவு இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குத் தினமும் மூன்றரை மணி நேரம் போனால், குறைவது தூக்கமும் பள்ளிக்குப் பிந்தைய சங்கங்களும்தான். பெரிய பள்ளிக்குப் போவதன் பயனே அந்தச் சங்கங்களில்தான் இருக்கிறது.

தேர்வுப் பள்ளிகளின் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்ற கேள்விக்குப் பொருளியல் அறிஞர்கள் ஒரு நல்ல வழியில் விடை தேடியிருக்கிறார்கள். அப்துல்காதிரோலு, ஆங்கிரிஸ்ட், பதக் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, கட்-ஆஃபுக்குச் சற்று மேலே நின்று உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே நின்று வெளியே தங்கியவர்களையும் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஒப்பிட்டது. ஏறக்குறைய ஒரே தகுதியுள்ள அந்த இரு கூட்டத்தாருக்கும் இடையே, பிற்காலத் தேர்வு மதிப்பெண்களிலோ கல்லூரிச் சேர்க்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மிக உயர்ந்த மதிப்பெண்ணுடன் உள்ளே போகும் பிள்ளைக்கு இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓரிரு மதிப்பெண்ணில் ஸ்டைவெசன்டைத் தவறவிட்ட வீட்டில் ஒரு மாதம் சோறு இறங்காமல் இருப்பதற்குக் காரணமில்லை என்று மட்டும் சொல்லலாம்.

பயிற்சிக்கு எவ்வளவு செலவு செய்வது என்பதும் இதோடு சேர்ந்ததே. நான்காம் வகுப்பிலிருந்தே சனி, ஞாயிறு முழுவதும் பயிற்சி மையத்தில் உட்கார வைப்பவர்கள் எங்கள் பகுதியில் உண்டு. கல்வித் துறையே மாதிரித் தேர்வுகள் அடங்கிய கையேட்டை இலவசமாக வெளியிடுகிறது; குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ட்ரீம் என்ற பெயரில் இலவசப் பயிற்சியும் நகர நிர்வாகம் நடத்துகிறது. ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதம் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையும் வாரம் ஒரு மாதிரித் தேர்வும் போதும் என்பது என் கருத்து. கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே மதிப்பெண் பெற்று, வறுமை மிகுந்த பள்ளியிலிருந்து வரும் குறைந்த வருமான மாணவர்களுக்கு டிஸ்கவரி என்ற கோடைக்காலத் திட்டத்தின் வழியே ஒரு பங்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அண்மையில் குடிபெயர்ந்து வந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களும் அதற்குத் தகுதி பெறக்கூடும். இலங்கையிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் வந்த குடும்பங்களிடம் இதைச் சொன்னபோது, பள்ளியில் யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்றே சொன்னார்கள்.

இந்தத் தேர்வு நியாயமானதா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. 2019-இல் ஸ்டைவெசன்ட் இடம் கொடுத்த 895 பேரில் கறுப்பின மாணவர்கள் 7 பேர் மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டு தேர்வையே நீக்கிவிட அன்றைய மேயர் டி பிளாசியோ முன்வைத்த திட்டம் மாநிலச் சட்டமன்றத்தில் தேறவில்லை. ஆசியக் குடும்பங்கள் தேர்வைக் காக்கத் தெருவில் இறங்கின. நம் சமூகம் பெரும்பாலும் அந்தப் பக்கமே நின்றது. பயிற்சிக்குப் பணமும் நேரமும் உள்ள இடத்திலிருந்து நின்றோம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

இனி, பெரும்பாலான வீடுகளில் கடைசி வாரத்தில் அவசரமாக நிரப்பப்படும் 12 இடப் பட்டியலுக்கு வருகிறேன். தேர்வுக்கு ஓராண்டு உழைத்துவிட்டு இதற்கு ஒரு மாலை நேரம்கூட ஒதுக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்வெழுதும் 26,000 பேரில் 22,000 பேர் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கப் போவது இந்தப் பட்டியலின் வழியாகத்தான்.

இதன் ஒதுக்கீட்டு முறைக்கு ஒரு சிறிய வரலாறு உண்டு. 2003 வரை பள்ளிகள் தனித்தனியே இடம் கொடுத்து வந்தன. ஒருவருக்கு நான்கு கடிதங்கள் வரும், மற்றொருவருக்கு ஒன்றும் வராது. ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தாங்கள் கேட்காத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆல்வின் ராத் என்ற பொருளியல் அறிஞரும், மேலே சொன்ன அப்துல்காதிரோலு, பதக் இருவரும் சேர்ந்து புதிய முறையை வடிவமைத்தார்கள். இத்துறைப் பணிகளுக்காக ராத் 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இதில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனி முன்னுரிமை வரிசை இருக்கிறது. உங்கள் முதல் விருப்பப் பள்ளி உங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். உங்களைவிட முன்னுரிமை கூடியவர் பின்னால் வந்து கேட்டால் உங்களை விட்டுவிடும். அப்போது நீங்கள் உங்கள் இரண்டாவது பள்ளிக்குப் போவீர்கள், அங்கே ஏற்கெனவே தற்காலிகமாக அமர்ந்திருப்பவரைவிட உங்களுக்கு முன்னுரிமை இருந்தால் அந்த இடம் உங்களுக்கு. எல்லோருடைய பட்டியலும் இப்படி ஓடி முடிந்த பிறகுதான் இடங்கள் உறுதியாகின்றன. இரண்டாவதாக எழுதியதால் இரண்டாம்பட்சமாக நடத்தப்படுவோம் என்ற அச்சத்துக்கு இங்கே இடமே இல்லை. ஆகவே கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாமல், உண்மையில் எது பிடித்திருக்கிறதோ அதை மேலே எழுதுவதே சரி. கணக்குப் போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: 12-இல் சில, நிச்சயம் கிடைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.

கிடைக்கக்கூடியது எது என்று கணிப்பதற்கு இரண்டு செய்திகள் வேண்டும். முதலாவது, ஏழாம் வகுப்பில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய பாடங்களின் இறுதி மதிப்பெண். மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் ஸ்கிரீன்டு பள்ளிகள் இதைக் கொண்டு விண்ணப்பதாரர்களைக் குழுக்களாகப் பிரிக்கின்றன. தம் பள்ளியிலோ நகர அளவிலோ மேல் 15 சதவீதத்தில் வருபவர்கள் முதல் குழு. எட்-ஆப்ட் எனப்படும் பிரிவுகளோ, விண்ணப்பதாரர்களை மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்து மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது செய்தி, ஒவ்வொரு மாணவருக்கும் கணினி தரும் குலுக்கல் எண். ஒரே குழுவில் நிற்பவர்களுக்குள் யார் முன்னால் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணை முதன்முதலில் பார்க்கும் எவரும் திகைத்துவிடுவார்கள். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் கலந்த 32 குறிகள். சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து நாங்கள் பார்த்தபோது அதன் முதல் குறி 3, இரண்டாவது ஏ. இது பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்ட எண். முதல் இரண்டு குறிகளே நமக்குப் போதும். 3-ஐ 16-ஆல் பெருக்கினால் 48, ஏ என்பது 10, மொத்தம் 58. அதை 256-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 சதவீதம். அதாவது 100 பேரை வரிசையில் நிறுத்தினால் மகள் 23-ஆவதாக நிற்கிறாள். 0-வில் தொடங்கினால் அதிர்ஷ்டம், எஃப்-இல் தொடங்கினால் வரிசையின் வால். மென்பொருள் வேலையில் தினமும் இந்த அடிமானத்தைப் பார்க்கும் அப்பாக்கள்கூட இதை ஒரு கடவுச்சொல் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. எஃப்-இல் தொடங்கும் எண் வந்த பிள்ளை, முதல் குழுவில் இருந்தாலும், ஓர் இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் போட்டியிடும் ஸ்கிரீன்டு பள்ளிகளை மட்டுமே 12 இடங்களிலும் எழுதினால் வெறுங்கையோடு நிற்க நேரும். ஓர் இடத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கு மைஸ்கூல்ஸில் ஒவ்வொரு பிரிவின் பக்கத்திலும் போடப்பட்டிருக்கிறது.

இந்தப் பட்டியலில் கிடைப்பவை தேர்வுப் பள்ளிகளுக்கு அடுத்த தரத்தில் இருப்பவை என்ற எண்ணம் தவறானது. குயின்ஸ் காலேஜ் வளாகத்தில் உள்ள டவுன்சென்ட் ஹாரிஸ் மொழியையும் இலக்கியத்தையும் அறிவியலுக்கு நிகராக வைக்கும் பள்ளி. லத்தீனோ கிரேக்கமோ கற்க வேண்டும், கடைசி ஆண்டில் கல்லூரியிலேயே வகுப்புகள் எடுக்கலாம். லாங் ஐலண்ட் சிட்டியில் உள்ள பார்டு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதும் பத்தும் முடிந்ததும் கல்லூரிப் பாடங்கள் தொடங்கிவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு ஆண்டுக் கல்லூரிப் பட்டமும் கைக்கு வருகிறது, கட்டணம் எதுவும் இல்லாமல். கல்லூரிக் கட்டணத்தை நினைத்தாலே வயிறு கலங்கும் இந்நாட்டில் இதை இன்னும் பெரிதாகப் பேசியிருக்க வேண்டும். பெயரில் நோபல் இல்லாததால் நம் வட்டத்தில் பேச்சு எழவில்லை போலும். இத்தகைய பள்ளிகள் மதிப்பெண்ணோடு கட்டுரை போன்ற தனி மதிப்பீடுகளும் கேட்பதால், அவற்றுக்கான நேரத்தையும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு நடுவில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

கையால் வேலை செய்வதில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு வேறொரு வகை இருக்கிறது. ஏவியேஷன் உயர்நிலைப் பள்ளியில் விமானத்தின் உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் கூட்டாட்சி அரசுச் சான்றிதழுக்கு மாணவர்கள் தயாராகிறார்கள். புரூக்ளினில் 2011-இல் தொடங்கிய பி-டெக், ஆறு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பையும் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் சேர்த்துத் தருகிறது. நகரப் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் அதில் பங்காளிகள். நம் வீடுகளில் தொழிற்கல்வி என்ற சொல்லே முகத்தைச் சுளிக்க வைக்கும் என்பது தெரிந்ததே. ஜெட் எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த பதினெட்டு வயதுப் பையன் பொறியியல் கல்லூரிக்குப் போவதை அந்தச் சான்றிதழ் தடுப்பதில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பட்டியலின் அடியில் மண்டலப் பள்ளியை, அதாவது வீட்டு முகவரி அமைந்த வட்டாரத்துக்கு உரிய பள்ளியை, எழுதுவது அவமானமன்று. மன்ஹாட்டனில் அத்தகைய பள்ளிகள் இல்லை. குயின்ஸில் பல பகுதிகளுக்கு உண்டு. மண்டலத்தில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்றாலும் அதைப் பட்டியலில் எழுதினால்தான் அது செல்லும். அதே கட்டடத்தில் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கும் தனிப் பிரிவும் இருந்தால், அது வேறு குறியீட்டுடன் வேறு விருப்பமாக எழுதப்பட வேண்டும். இரண்டும் ஒன்றே என்று நினைத்து ஒன்றை மட்டும் எழுதியவர்கள் மார்ச்சில் வருந்தினார்கள்.

ஆக, எங்கள் வீட்டில் எடை போட்ட விதம் இப்படி அமைந்தது. மகளுக்குக் கணிதம் வரும், ஆனால் எழுதுவதுதான் பிடிக்கும். கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள். தேர்வுப் பள்ளிகளில் ஸ்டைவெசன்டை முதலிலும், குயின்ஸ் அறிவியல் பள்ளியை இரண்டாவதாகவும் எழுதிவிட்டு அத்தோடு நிறுத்தினோம். போக மனமில்லாத பள்ளியை எழுதாமல் விடுவதால் எந்த இழப்பும் இல்லை; எழுதி, அது கிடைத்து, பிறகு மறுப்பதற்குத்தான் வீட்டில் யாருக்கும் துணிவு இருக்காது. பிராங்க்ஸ் சயன்ஸை நீக்கியபோது என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை, நோபல் பரிசுக் கணக்கை அவர்தான் எனக்கு நினைவூட்டினார். டி ரயிலில் தூங்கிப்போன படத்தைக் காட்டினேன். 12 இடப் பட்டியலில் டவுன்சென்ட் ஹாரிஸ் முதலாவது, பார்டு இரண்டாவது, நடுவில் எட்-ஆப்ட் பிரிவுகள் நான்கு, கடைசியில் மண்டலப் பள்ளி. எங்கள் ஆண்டில் மார்ச் முதல் வாரத்தில் முடிவுகள் வந்தபோது குயின்ஸ் அறிவியல் பள்ளியும் டவுன்சென்ட் ஹாரிஸும் அவளுக்குக் கிடைத்திருந்தன. இரண்டில் ஒன்றைத் தேர அவளுக்கு ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. அவள் தேர்ந்தது தேர்வுப் பள்ளியை அன்று.

கணிதமே உயிராக இருந்து, தானே பேசிப் பழகி, ரயிலில் படிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்திருந்தால் இதே கணக்கு ஸ்டைவெசன்டை நோக்கிப் போயிருக்கும். ஏழாம் வகுப்பு மதிப்பெண் ஏதோ காரணத்தால் சறுக்கியிருந்தால், பழைய மதிப்பெண்ணைக் கேட்காத அந்த ஒரே தேர்வுதான் பெரிய வாய்ப்பு. அந்த வீட்டில் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுப்பது நியாயம். மதிப்பெண் உயர்ந்தும் தேர்வறையில் பதறும் பிள்ளைக்கோ நேர்மாறாக, பட்டியலே பலம். இன்னும் ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பெற்றோர்கள் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன், நடப்பு ஆண்டின் நான்கு பாட மதிப்பெண்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

நுழைவுத் தேர்வுக்குப் பதிவு அக்டோபரில் முடிந்துவிடும், தேர்வு நவம்பரில், பட்டியலுக்கான கடைசி நாள் வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில். பட்டியலை அந்த நாள் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் மைஸ்கூல்ஸில் பள்ளிகளைச் சேர்த்து வரிசைப்படுத்தியதும் அது சேமிக்கப்பட்டிருக்குமே தவிர, விண்ணப்பமாகப் போயிருக்காது. அதற்குச் சமர்ப்பிக்கும் பொத்தானைத் தனியாக அழுத்தி, உறுதிச் செய்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.